எம்.ஐ.ஏ.: சண்டை பிடித்த அளவுக்கு அவர் பாட்டைக் கேட்டோமா?

காலிவீதிக்காரன்:

போன கிழமை வேறொரு இழையில், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிற லண்டன் தமிழ் ராப் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் பெயர் வந்தது. ஐந்தாறு பதிவுக்குள் அவர் யார் பக்கம், அப்பா எந்த இயக்கம், அவருக்குத் தமிழ் வருமா என்று சண்டையாகி, மட்டுறுத்துநர் இழையைப் பூட்டிவிட்டார். அத்தனை பேர் எழுதியிருந்தார்கள், ஒருவர்கூட ஒரு பாட்டின் பெயரைச் சொல்லவில்லை. அது மனதில் தைத்தது. அதனால்தான் இந்தப் புது இழை.

நான் அவரை முதலில் கேட்டது 2008இல், வெள்ளவத்தையில். எங்கள் ஒழுங்கையின் முனையில் ஒரு லொட்ஜ் இருந்தது. அந்த நாட்களில் வெள்ளவத்தை லொட்ஜ்களில் யார் இருப்பார்கள் என்று இங்கே பலருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருந்து வந்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டிவிட்டு, பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எப்போது 'ஏற்றுவார்கள்' என்று காத்திருப்பவர்கள். அதற்கு முந்தைய வருடம், 2007 ஜூனில், கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை போட்டதால் அது நின்றது. அந்தப் பயம் 2008இலும் போகவில்லை.

அந்த லொட்ஜில் ஒரு தம்பியோடு பழக்கம். இருபத்திரண்டு வயது இருக்கும். பின்னேரங்களில் என் வீட்டுக்கு வந்து கணினியில் பாட்டுக் கேட்பான். யாரோ எரித்துக் கொடுத்த சீடி ஒன்றில், தமிழ்ப் படப் பாட்டுகளுக்கு நடுவில் 'பேப்பர் பிளேன்ஸ்' இருந்தது. யார் பாடியது என்றே எங்களுக்குத் தெரியாது. பல்லவியில் துப்பாக்கிச் சத்தம் மூன்று நான்கு தடவை கேட்கும், அப்புறம் கடையில் காசுப்பெட்டி திறக்கிற 'கிளிங்' சத்தம். துப்பாக்கிச் சத்தம் வந்ததும் நான் பாய்ந்து ஒலியைக் குறைத்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற காலம் அது. அவன் என் கையைப் பிடித்து, "அண்ணை, திரும்பப் போடுங்கோ, இது ஏஜென்சிக்காரன்ட பாட்டெல்லோ" என்றான். அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. துவக்குச் சத்தத்தையும் காசுச் சத்தத்தையும் வைத்து அவனாகவே கண்டுபிடித்த அர்த்தம் அது.

பாடியவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பெண் என்பதும், விசா கிடைக்காத கோபத்தில் பிறந்த பாட்டு என்பதும் எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வெளிநாட்டவன் என்றாலே எல்லைகளில் சந்தேகத்தோடு பார்க்கிறார்களே, அந்தப் பார்வையைத்தான் அந்தப் பாட்டில் திருப்பிக் காட்டியிருக்கிறார். அடியில் சுற்றிச் சுற்றி வருகிற கிற்றார்த் துண்டு, த கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. அதுவும் குடியேறிகளை நாடுகள் நடத்துகிற விதம் பற்றிய பாட்டுத்தான். 2008இல் அமெரிக்காவில் பில்போர்ட் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. மறு வருடம் கிராமியில் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் வந்தது. உலகம் முழுக்க ஆடிய பாட்டை அந்தத் தம்பி எங்களை எல்லாம் விடச் சரியாகக் கேட்டிருந்தான்.

சரி, என் கேள்வி இதுதான். அவருடைய அரசியலை நீங்கள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அவர் பாட்டில் உங்கள் காது எதைப் பிடித்தது? அங்கிருந்து தொடங்குவோம்.

கொட்டாஞ்சேனைப்பையன்:

அண்ணா, இந்த இழைக்காகத்தான் காத்திருந்தேன். நான் வீட்டில் பீட் செய்கிறவன். எனக்கு எம்.ஐ.ஏ. என்றால் முதலில் தாளம், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

2007இல் வந்த 'கலா' ஆல்பத்தை ஹெட்போனில் போட்டு முதல் பாட்டைக் கேளுங்கள். 'பாம்பூ பங்கா'. கார் ஓடுகிற மாதிரி ஒரு நேர் ஓட்டம், அதற்குள்ளே எங்கிருந்தோ தெரிந்த ஒரு சத்தம். மூன்றாம் தடவைதான் எனக்குப் பிடிபட்டது: 'தளபதி' படத்துக் 'காட்டுக்குயிலு'. இளையராஜாவின் 1991ஆம் ஆண்டுப் பாட்டு. எங்கள் வீட்டில் தைப்பொங்கலுக்கு அப்பா போடுகிற பாட்டை, உலகத்தின் இன்னொரு மூலையில் ஒருத்தர் வெட்டி எடுத்துக் கிளப் இசைக்குள் வைத்திருக்கிறார். அன்றைக்கு இரவு நித்திரையே இல்லை.

அதே ஆல்பத்தில் 'பேர்ட் ஃப்ளூ'. இதில் 'ஜெயம்' படத்தின் 'திருவிழான்னு வந்தா' பாட்டின் துண்டு இருக்கிறது. அதற்கு மேல் உறுமி. சென்னைக்குப் போய் மேளக்காரர்களைக் கூட்டி வைத்து ஒலிப்பதிவு செய்திருக்கிறார். உறுமி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், 'ம்ம்ம்ம்' என்று மாடு அடித்தொண்டையில் முக்குகிற மாதிரி வரும். மற்றப் பக்கத்தை அடிப்பார்கள். அந்த முக்கலை மேற்கத்திய இசைக்காரர் யாரும் பாட்டின் அடிச்சத்தமான பேஸ் என்று நினைக்கவே மாட்டார்கள். இவர் அதைத்தான் பேஸாக வைத்தார்.

நான் அந்தப் பாட்டை லப்டொப்பில் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தேன். நாங்கள் மென்பொருளில் செய்யும்போது ஒவ்வொரு அடியையும் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கிவிடுவோம். அவர் அப்படி நேராக்கவில்லை. உறுமி ஒரு மயிரிழை பிந்தி விழுகிறது, கைதட்டு ஒரு மயிரிழை முந்துகிறது. ஒரு தெரு ஊர்வலம் கொஞ்சம் தள்ளாடிக்கொண்டே வருகிற மாதிரி. நான் அதை எடுத்து நேராக்கிப் பார்த்தேன். பாட்டு செத்துவிட்டது. திருப்பிப் பழையபடி விட்டேன்.

இத்தனைக்கும் முறையாகச் சங்கீதம் படித்தவர் அல்ல. லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படித்தது ஓவியமும் படப்பிடிப்பும். எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் இசைப் பயணத்தில் படம் பிடிக்கப் போனபோது, அங்கே பாட வந்த பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப்பெட்டியைக் காட்டியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு தானே நோண்டிக் கற்றுக்கொண்டவர். 2003இல் 'கலாங்' பாட்டு ஐந்நூறு இசைத்தட்டுதான் அடித்தார்கள். 2005இல் முதல் ஆல்பம் 'அருளர்' பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போய்விட்டது. என்னிடம் இருப்பது அந்த 505ஐ விடப் பெரிய கருவி. ஆனாலும் அப்படி ஒரு பாட்டு இன்னும் வரவில்லை.

சாந்தி தெஹிவளை:

தம்பி எழுதியதை வாசித்தேன், நல்லாக இருக்கிறது. ஆனாலும் எனக்குள் இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். தயவுசெய்து இதைச் சண்டையாக எடுக்க வேண்டாம்.

2006 முதல் 2009 வரை நான் கொழும்பில் வேலைக்குப் போய் வந்தவள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பஸ்ஸிலிருந்து இறங்கி அடையாள அட்டையை நீட்டினேன். தமிழில் ரெலிபோன் பேசுவதற்கு முன் சுற்றிப் பார்த்துக்கொண்டேன். அந்த நேரத்தில் 'அருளர்' ஆல்பத்தின் ஓவியங்களைக் கணினியில் பார்த்தேன். புலி உருவங்கள், போர்த் தாங்கிகள், பளிச்சென்ற நிறங்களில். லண்டனில் அதை அலங்காரமாகச் சட்டையில் போடலாம். இங்கே அந்தப் படம் கைப்பையில் இருந்தால் என் நிலைமை என்ன? எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் பொய் இல்லை.

2009 தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வன்னிச் சனங்களைப் பற்றிப் பேசினார். அதை நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அவ்வளவு பெரிய மேடையில் அதைச் சொல்ல நமக்கு வேறு யாரும் இருக்கவில்லை. பெப்ரவரியில் கிராமி மேடையில், பிள்ளை பிறக்க வேண்டிய நாளிலேயே, நிறைவயிற்றோடு பாடினார். அதைப் பார்த்து நான் அழுதேன். ஏன் அழுதேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கோபமும் அழுகையும் ஒரே ஆளைப் பார்த்துத்தான் வந்தது.

ஆகவே பாட்டை மட்டும் தனியாக எடுத்துப் பேசுவோம் என்பது எனக்குக் கஷ்டம். அவரே இரண்டையும் பிரிக்கவில்லையே. முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தவர் அவர்.

லண்டன்மிச்சம்:

சாந்தி அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பம்பலப்பிட்டியில் பிறந்து இப்போது தென் லண்டனில் இருப்பவன். அந்த அப்பா விஷயத்தை ஒருதரம் தெளிவாக எழுதிவிடுகிறேன். அருட்பிரகாசம், அருளர், ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஈரோஸ் 1975இல் லண்டனில் தொடங்கியது. விடுதலைப் புலிகள் வேறு, ஈரோஸ் வேறு. அவர் 'லங்கா ராணி' நாவலை எழுதியவர் என்பது இங்கே பழைய வாசகர்களுக்குத் தெரியும். 2019இல் காலமானார். மகள் வளர்ந்த காலத்தில் பெரும்பாலும் அப்பா வீட்டில் இல்லை. 'அருளர்' என்று பெயர் வைத்தது அப்பாவைக் கொண்டாட என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. அடுத்த ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர், கலா. அதுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

மாயா பிறந்தது 1975 ஜூலையில், லண்டன் ஹவுன்ஸ்லோவில். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். 1986இல், பத்துப் பதினொரு வயதில், அம்மாவோடும் சகோதரர்களோடும் அகதியாகத் திரும்பி வந்தார். பிறந்த ஊருக்கே அகதியாக வருவது என்றால் யோசித்துப் பாருங்கள். தென் லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் பிப்ஸ் பிரிட்ஜ் என்ற தொடர்மாடித் தொகுதியில் வீடு கிடைத்தது. நான் ட்ராமில் அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவன். பக்கத்தில் டூட்டிங்கில் இப்போது முருங்கைக்காயும் ஒடியல் மாவும் வாங்கலாம். 1986இல் அந்தத் தொகுதியில் தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு.

வீட்டு ரேடியோவை யாரோ திருடிக்கொண்டு போக, பக்கத்து வீட்டுப் பையன் சத்தமாகப் போட்ட ஹிப்ஹொப்தான் சுவர் வழியாகத் தன் காதுக்கு வந்தது என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆங்கிலமே சரியாகத் தெரியாத சிறுமி. சொல் புரிகிறதற்கு முன் தாளம் புரிந்துவிட்டது. காலிவீதி அண்ணா சொன்ன லொட்ஜ்த் தம்பியும் அப்படித்தானே கேட்டிருக்கிறான்.

அம்மா தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். 2019இல் மாயாவுக்குப் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.ஈ. பட்டம் அறிவித்தார்கள். அப்போதுதான் வெளியே தெரிந்தது: அந்தப் பதக்கங்களின் ரிபனைக் கையால் தைத்தவர்களில் அவருடைய அம்மாவும் ஒருவர், பல பத்து வருடமாக. பதக்கத்தை எப்போதாவது கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? இளஞ்சிவப்பு ரிபன், ஓரத்தில் சாம்பல் கோடு, சட்டையில் கொளுவ வேண்டிய மடிப்பு. அந்த மடிப்பைத் தைக்கிற கை யாருடையது என்று வாங்குகிறவர் நினைப்பதே இல்லை. அம்மாவின் வேலைக்கு மரியாதையாகத்தான் அதை வாங்கிக்கொள்கிறேன் என்றார் மாயா. அரச பட்டத்தை ஏன் வாங்கினார் என்று இங்கே பலர் திட்டினார்கள். எனக்கு அது தாய்க்கு மகள் செய்த கடன்.

சாந்தி தெஹிவளை:

இந்தப் பதக்க விஷயம் எனக்குத் தெரியாது. என் அம்மாவும் சாரிச் சட்டை தைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தவர். கொஞ்சம் யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

மருதானைநிலா:

முஸ்லிம் வீட்டுப் பிள்ளையாக என் பக்கத்திலிருந்து ஒன்று. நான் அவரைக் கேட்கத் தொடங்கியது 'போர்டர்ஸ்' வீடியோவால், 2015 முடிவில். ஆண்கள் முள்வேலியில் ஏறி நிற்கிறார்கள், படகு நிறைய நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நடுவில் இவர் அசையாமல் நின்று பாடுகிறார். சிரியாச் சனங்கள் கடலில் இறந்துகொண்டிருந்த வருடம் அது. வீட்டில் எல்லோரும் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நம் மொழி பேசும் வீட்டுப் பெண் ஒருத்தி அதைப் பாட்டாக்கியிருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவருடைய கண்ணில் அகதி என்றால் தமிழ் அகதி மட்டும் இல்லை. அது எனக்கு முக்கியம்.

பிடிக்காததும் உண்டு. பின்னாட்களில் தடுப்பூசி பற்றி அவர் சொன்னவை. நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், அதை ஏற்க முடியாது. அவர் பாட்டை விரும்புகிறவர்கள்தான் இதையும் நேராகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஹட்டன்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கொழும்பில் கடை வேலைக்கு வந்து பதினைந்து வருடம். இந்த மன்றத்தில் வாசிப்பது மட்டும்தான், எழுதுவது குறைவு. கொட்டாஞ்சேனைத் தம்பி உறுமி பற்றி எழுதியதால் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிறவர் என் மாமா. காமன் கூத்துக்கும் அவர்தான், சாவு வீட்டுக்கும் அவர்தான். திருவிழாவில் சாமிக்கு முன்னால் அவர் அடித்தால்தான் ஊர்வலம் நகரும். ஆனால் அடித்து முடிந்ததும் அவரைக் கோயிலுக்கு வெளியே உட்கார வைத்துத்தான் சோறு கொடுப்பார்கள். சின்ன வயதில் நான் தப்பைத் தொட்டால் அப்பாவே அடிப்பார். படிக்கிற பிள்ளை அதைத் தொடக்கூடாது என்று. கொழும்புக்கு வந்த பிறகு நானும் அந்தச் சத்தத்தை மறைத்துத்தான் வைத்தேன். கூட வேலை செய்கிறவர்கள் "தோட்டத்துச் சத்தம்" என்று சிரிப்பார்கள்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் யூடியூபில் எம்.ஐ.ஏ.யின் 'பாய்ஸ்' பாட்டு. வீடியோ எடுத்தது ஜமைக்காவில், நூறு பேர் ஆடுகிறார்கள். உள்ளே அடிப்பது நம்முடைய மேளம். ஜமைக்காக்காரன் அதற்கு எந்தக் கூச்சமும் இல்லாமல் ஆடுகிறான். நான் கடையின் பின்பக்கம், அரிசி மூடைகளுக்கு நடுவில் நின்று, பதினொரு தடவை பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு 2013 ஆல்பத்துக்கு 'மாதங்கி' என்று பேர் வைத்தார். அது அவருடைய சொந்தப் பேர், கூடவே ஒரு தெய்வத்தின் பேர். மாதங்கி இசைக்கும் சொல்லுக்கும் உரிய தேவி. எச்சில் சோறு படைத்துக் கும்பிடுகிற தேவி அவள். ஒதுக்கி வைத்த சனங்களோடு சேர்த்து அவளைச் சொல்லுவார்கள். தீட்டு என்று தள்ளியதே அவளுக்குப் படையல். வெளியே உட்கார வைத்துச் சோறு போட்ட என் மாமாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவருக்கு எம்.ஐ.ஏ. யார் என்று தெரியாது. பாட்டைப் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "தோலு நல்லா காஞ்சிருக்கு, அடிக்கிறவன் கை தெரிஞ்சவன்" என்றார்.

கொட்டாஞ்சேனைப்பையன்:

அண்ணா, உங்கள் மாமா சொன்னதை நான் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்துவிட்டேன்.

காலிவீதிக்காரன்:

ஹட்டன் அண்ணாவின் பதிவை இரண்டு தடவை வாசித்தேன்.

அந்த மேளம் எப்படி 'கலா' ஆல்பத்துக்குள் வந்தது என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். 'அருளர்' வெற்றி பெற்ற பிறகு, 2006இல் அமெரிக்கா போய் டிம்பலண்ட் என்ற பெரிய இசைத் தயாரிப்பாளரோடு இரண்டாவது ஆல்பம் செய்வதாக இருந்தது. விசா கிடைக்கவில்லை. வாசல் அடைபட்டதும் இவர் சென்னை, டிரினிடாட், லைபீரியா, ஜமைக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று கிளம்பிவிட்டார். போன இடத்தில் என்ன சத்தம் இருந்ததோ அதைப் பதிந்துகொண்டார். ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் ராப்கூட அந்த ஆல்பத்தில் இருக்கிறது. டிம்பலண்டோடு செய்த பாட்டு ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில் கூடுதலாக வைத்தது. விசா கிடைத்திருந்தால் நல்ல அமெரிக்க ஆல்பம் ஒன்று வந்திருக்கும். உறுமி வந்திருக்காது. நம்மில் எத்தனை பேருக்கு ஒரு வாசல் அடைபட்டதால் வாழ்க்கை வேறு திசையில் போனது? லொட்ஜில் காத்திருந்தவர்களுக்கு அது புரியும்.

சாந்தி அக்காவுக்கு: பாட்டையும் அரசியலையும் பிரிக்க முடியாது என்று நீங்கள் சொன்னது சரி, நான் முதல் பதிவில் அதை இலேசாகச் சொல்லிவிட்டேன். அமெரிக்காவில் இருந்த இலங்கை ராப் பாடகர் டிலோன், 'பேப்பர் பிளேன்ஸ்' மெட்டிலேயே அவரைப் புலி ஆதரவாளர் என்று குற்றம் சாட்டி ஒரு பாட்டு வெளியிட்டதும் ஞாபகம் இருக்கிறது. தான் அப்படி இல்லை என்று மாயா பதில் சொன்னார். மற்றப் பக்கத்தில் எம்.டி.வி.யில் 'சன்ஷவர்ஸ்' பாட்டை, பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைச் சொல்லும் வரி இருந்ததால் போட மறுத்தார்கள். டேவிட் லெட்டர்மனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் துப்பாக்கிச் சத்தத்தை மாற்றிப் போட்டார்கள். அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் போலின் 2012 மேடையில் மடோனாவோடு பாடியபோது நடுவிரலைக் காட்டினார் என்று அந்த விளையாட்டு அமைப்பு கோடிக்கணக்கில் இழப்பீடு கேட்டது, 2014இல்தான் சமாதானமானது. எல்லாப் பக்கமும் அவருக்குச் சண்டைதான். அதனாலேயே அந்தப் பாட்டுக்குள் இருக்கிற வேலை நம் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

லண்டன்மிச்சம்:

ஒன்று சேர்க்கிறேன். ஸ்டீவ் லவ்ரிஜ் எடுத்த ஆவணப்படம் 2018இல் சண்டான்ஸ் விழாவில் நடுவர்களின் சிறப்பு விருது வாங்கியது. அதில் மாயா இளவயதில் தானே பிடித்த காட்சிகள் நிறைய. 2001இல் இலங்கைக்கு வந்து சொந்தக்காரர்களைப் படம் பிடித்திருக்கிறார். பாட்டுக்காரி ஆவதற்கு முன் கேமராவோடு வந்த பெண் அவர். தான் லண்டனுக்குப் போய்விட்டதையும் இவர்கள் இங்கேயே நின்றதையும் அந்த முகங்களைப் பார்த்து அவர் உணர்வது தெரியும். அக்கா, நீங்கள் சொன்ன கோபத்துக்கு அந்தப் படத்தில் ஒரு பதில் இருக்கலாம். ஒருதரம் பாருங்கள்.

மருதானைநிலா:

பில்போர்டில் அவர் பெயர் முதலிடத்தில் வந்ததே 2020இல்தான், டிராவிஸ் ஸ்கொட், யங் தக் இருவரோடும் பாடிய 'பிரான்சைஸ்' பாட்டில். நாற்பத்தைந்து வயதில். ராப் என்றாலே இருபது வயதுப் பையன்களின் விளையாட்டு என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனைப்பையன்:

நம் ஊர்ப் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். எம்.ஐ.ஏ. ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 2006இல், கொழும்பில் கிரிஷான் மகேசன் 'ஏசியன் அவெனியூ' ஆல்பத்தைத் தமிழ் ராப்பில் கொண்டுவந்தார். அதே வருடம் மலேசியாவில் யோகி பி குழுவின் 'வல்லவன்' ஆல்பம். கொழும்பிலிருந்து போன தினேஷ் கனகரத்தினம் 2013இல் 'கடல்' படத்தில் ரஹ்மான் இசையில் பாடினார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவுக்குப் போன ஷான் வின்சன்ட் டி போல் மிருதங்கத்தோடு ராப் செய்து, 2021இல் 'மேட் இன் ஜஃப்னா' வெளியிட்டார். அவரைக் கேட்கும்போது எனக்கு மாயா திறந்து வைத்த கதவு தெரிகிறது. நம் தோல் வாத்தியத்தை மேலே ஒட்டுகிற அலங்காரமாக வைக்காமல், பாட்டின் முதுகெலும்பாக வைக்கலாம் என்று முதலில் துணிந்தவர் அவர்.

ஆனால் எனக்கு ஒரு குறை. மாயா மேளத்தைத் தேடிச் சென்னை வரைக்கும் போனார். நான் கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு ஹட்டன் வரைக்கும்கூடப் போகவில்லை. இணையத்தில் யாரோ போட்ட உறுமித் துண்டை இறக்கிப் பாவித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹட்டன்காரர், மாமாவின் தப்பை நான் பதிந்துகொள்ளலாமா? அவருக்குக் காசு கொடுத்து, பாட்டில் அவர் பெயரையும் போட்டுத்தான்.

ஹட்டன்காரர்:

கேட்டேன் தம்பி. முதலில் வெட்கப்பட்டார். "கொழும்புக்காரங்க எதுக்கு இத கேக்கிறாங்க" என்றார். இந்த இழையை வாசித்துக் காட்டினேன். சித்திரை மாத முதல் ஞாயிறு மகளைப் பார்க்கக் கொழும்புக்கு வருகிறார். தப்பைக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். அடிக்குச்சி, சிண்டுக் குச்சி இரண்டும் வரும். ஆனால் அடிப்பதற்கு முன் தோலை நெருப்பில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் எழும்பாது. உங்கள் வீட்டில் வசதி உண்டா?

கொட்டாஞ்சேனைப்பையன்:

மொட்டை மாடி இருக்கிறது. கீழ் வீட்டு அன்ரியிடம் கேட்டு வைக்கிறேன். மைக் இரண்டு இருக்கிறது, கேபிள் மாடி வரைக்கும் எட்டும். நெருப்புக்கு வைக்கோல் கொழும்பில் எங்கே வாங்குவது?

சாந்தி தெஹிவளை:

பழைய பத்திரிகைத் தாள் போதும் என்று நினைக்கிறேன், மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு கட்டு இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

நேற்றிரவு 'கலா'வை முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். என் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். 'பேர்ட் ஃப்ளூ' வந்தபோது அம்மா மெஷினை நிறுத்திவிட்டு, "இது எந்த ஊர்த் திருவிழா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், திரும்ப ஒருதரம் போட்டேன்.

ஞாயிறு எத்தனை மணிக்கு வர வேண்டும்? அம்மாவும் வருகிறாவாம்.